ரயிலின் கதையை எஞ்சினில் தொடங்கலாமா?

மார்ச் 2, மாலை 6.40 (வாசகர் ஒருவர் கேட்டது)

"1825-ல் ஜார்ஜ் ஸ்டீபன்சன் ரயிலைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சின் செய்தார், ஸ்டீபன்சன் அதற்குச் சக்கரம் மாட்டினார், உலகம் மாறியது. ஆரம்பகால ரயில் வரலாறு என்று இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?"

மார்ச் 2, இரவு 10.15

நிறைய இருக்கிறது. முதலில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். அது வருவதற்கு 200 வருஷம் முன்னாலேயே தண்டவாளம் வந்துவிட்டது.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் உல்லட்டன் என்ற இடத்தில் 1604-ல் ஹன்டிங்டன் பியூமான்ட் என்பவர் நிலக்கரி கொண்டுபோக மரத்தால் தண்டவாளம் போட்டார். சுமார் இரண்டு மைல் நீளம். வண்டியை இழுத்தது குதிரை. மழைக்காலத்தில் சேற்றில் அச்சு வரை புதையும் வண்டி, கட்டை மேல் ஏறியதும் லேசாக உருண்டது. சாலையில் பல குதிரைகள் சேர்ந்து இழுத்த பாரத்துக்கு இங்கே ஒன்று போதும். ரயிலின் ரகசியம் முழுக்க அதுதான். இன்றைய சரக்கு ரயிலும் அதே காரணத்தால்தான் லாரியைவிடக் குறைந்த எரிபொருளில் ஓடுகிறது.

நியூகாசில் வட்டாரத்துச் சுரங்கங்களில் இந்த மரப்பாதைகள் ஆற்றங்கரை வரை நீண்டன. அப்படி ஒரு பாதைக்காக 1725-26-ல் கட்டிய காசி வளைவு என்ற கல்பாலம் இன்றும் நிற்கிறது. கண் ஒன்றே நூறடிக்கு மேல் அகலம். குதிரை வண்டி போவதற்கு அவ்வளவு பெரிய பாலம். அப்போது ஸ்டீபன்சன் பிறக்கவே இல்லை. ஜேம்ஸ் வாட்கூடப் பிறக்கவில்லை.

எங்கள் அப்பா கீமேன். தினமும் விடியலில் தோளில் சுத்தியலோடு தண்டவாளத்தின் மேல் நடப்பார். போகும்போது ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பார்ப்பார், திரும்பும்போது மறுபக்கம். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்பு ஆப்புக்குச் சாவி என்று பெயர், அது தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவார். லீவு நாளில் பின்னாலேயே நானும் போவேன். எஞ்சினைப் பார்த்து ரயிலைக் கற்றுக்கொண்டவன் இல்லை நான். கீழே குனிந்து பார்த்துக் கற்றுக்கொண்டவன். அதனால் என் கதை கீழிருந்துதான் தொடங்கும்.

மார்ச் 3, காலை 7.05

ராத்திரி சொல்லாமல் விட்டது. வாட் செய்த எஞ்சினுக்குச் சக்கரம் மாட்டினாலும் ஓடாது. அது குறைந்த அழுத்த நீராவியில் வேலை செய்த, ஒரு கட்டடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். உயர் அழுத்த நீராவி ஆபத்து என்று வாட் கடைசி வரை எதிர்த்தார். அந்த ஆபத்தில் கை வைத்தவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக், கார்ன்வால் சுரங்கத்து ஆள்.

1804 பிப்ரவரி 21. வேல்ஸில் பெனிடாரன் இரும்பு ஆலையிலிருந்து ட்ரெவிதிக்கின் எஞ்சின் 10 டன் இரும்பையும் தொற்றிக்கொண்ட 70 பேரையும் இழுத்துக்கொண்டு சுமார் 16 கி.மீ. போனது. 4 மணி 5 நிமிஷம் ஆயிற்று. வழியில் மரம் வெட்டவும் பாறை நகர்த்தவும் நின்று நின்றுதான் போனார்கள். ஆலைக்காரர் சாமுவேல் ஹோம்ஃப்ரே 500 கினி பந்தயம் கட்டியிருந்தார். எஞ்சின் சொன்னதைச் செய்துகாட்டியது.

பிறகு ஏன் 1804-ஐ யாரும் கொண்டாடவில்லை? கீழே இருந்த வார்ப்பிரும்புத் தகடுகள் எஞ்சினின் கனம் தாங்காமல் உடைந்தன. ஓடின தூரமெல்லாம் ஒடிந்த தகடு. குதிரைக்குப் போட்ட பாதையில் யானையை நடத்தினால் வேறென்ன ஆகும்? அந்த எஞ்சினைப் பாதையிலிருந்து இறக்கி ஆலையில் ஓரிடத்தில் நிறுத்தி வேலை வாங்கினார்கள்.

எஞ்சின் தயார், பாதை தயாரில்லை. இந்த இடைவெளிதான் அடுத்த 20 வருஷக் கதை.

மார்ச் 3, பிற்பகல் 2.20

அந்த இடைவெளியை நிரப்பியவர் பெயர் பாடப்புத்தகத்தில் வராது. ஜான் பர்கின்ஷா. பெட்லிங்டன் இரும்பு ஆலையில் 1820-ல் தேனிரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டு 15 அடி நீளத் தண்டவாளமாக இழுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வார்ப்பிரும்பு மூன்று நாலு அடித் துண்டாகத்தான் வரும், அடி பட்டால் கண்ணாடி மாதிரி உடையும். தேனிரும்பு வளையும், ஒடியாது.

ஸ்டீபன்சன் மேல் எனக்கு மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான். அவர் கையிலேயே வார்ப்பிரும்புத் தண்டவாளத்துக்கு ஒரு காப்புரிமை இருந்தது. 1816-ல் வில்லியம் லாஷ் என்ற ஆலைக்காரரோடு சேர்ந்து வாங்கியது. ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்கு அதையே போட்டிருந்தால் நல்ல வருமானம். அவர் பர்கின்ஷாவின் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, என்னுடையதைவிட இதுதான் நல்லது, இதை வாங்குங்கள் என்று இயக்குநர்களிடம் சொல்லிவிட்டார். லாஷுடன் உறவு முறிந்தது. பாதையின் பெரும்பகுதி தேனிரும்பில் போடப்பட்டது. 1825 செப்டம்பர் 27-ல் லோகோமோஷன் என்ற எஞ்சின் அதன் மேல் ஓடியது.

1825-ல் நான் கொண்டாடுவது இந்த முடிவை. தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொன்ன பொறியாளரை.

மார்ச் 3, இரவு 9.50

"அப்படியானால் முதல் பயணி ரயிலாவது 1825தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவும் இல்லை. வேல்ஸில் ஸ்வான்சீ அருகே ஆய்ஸ்டர்மவுத் பாதையில் 1807-லேயே காசு வாங்கிக்கொண்டு ஆளேற்றிப் போனார்கள். குதிரைதான் இழுத்தது. ஸ்டாக்டன் பாதையிலும் திறப்பு விழா கழிந்ததும் பயணி வண்டிகளைக் குதிரைதான் இழுத்தது, 1833 வரைக்கும். எஞ்சின் நிலக்கரிக்கு, குதிரை மனுஷனுக்கு. பயணி ரயில் என்றால் நீராவி என்று நம் மனசில் ஒட்டிக்கொண்டது பின்னால் வந்த பழக்கம்.

மார்ச் 6, மாலை 5.30

எஞ்சினை நான் மட்டம் தட்டுகிறேன் என்று கோபமாக ஒரு செய்தி. நாலு நாளாக யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எஞ்சினின் கனம் தகட்டை உடைத்திருக்காவிட்டால் பர்கின்ஷாவுக்கு வேலையே வந்திருக்காது. எஞ்சின் பாதையை நெருக்கியது, பாதை எஞ்சினுக்கு வழிவிட்டது. ஒன்றை வைத்து மற்றதை அளக்க முடியாது. "எஞ்சினை ஒதுக்கி வையுங்கள்" என்ற முதல் வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

அதற்காக ராக்கெட் என்ற எஞ்சினைப் பற்றிச் சொல்கிறேன். 1829 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெய்ன்ஹில்லில் எஞ்சின்களுக்குள் போட்டி, பரிசு 500 பவுண்டு. நாவல்டி, சான்ஸ் பரேய், பெர்சிவரன்ஸ், இவற்றோடு சைக்ளோபெட் என்று ஒன்று, அதை ஓட்டியது உள்ளே மேடையில் நடந்த குதிரை. போட்டியை முழுசாக முடித்தது ராக்கெட் மட்டும். ஏறக்குறைய 30 மைல் வேகம் தொட்டது.

என்ன விசேஷம்? அதுவரை கொப்பரைக்குள், அதாவது பாய்லருக்குள், நெருப்பின் சூடு போக ஒரு பெரிய குழாய், மிஞ்சினால் அது வளைந்து திரும்பும். ராக்கெட்டில் 25 செப்புக் குழாய்கள். தண்ணீர் சூட்டைத் தொடும் பரப்பு பல மடங்கு பெருகியது. வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கிக்குள் ஊதிவிட்டார்கள். அந்த ஊதல் நெருப்பை இழுத்துக் கொழுந்துவிட வைக்கும். வேகம் கூடினால் ஊதல் கூடும், ஊதல் கூடினால் நெருப்பு கூடும். எஞ்சின் தன் பசிக்குத் தானே விசிறிக்கொள்ளும்.

சின்ன வயசில் ஒருமுறை ஷண்டிங் எஞ்சினில் என்னை ஏற்றிவிட்டார்கள். ஃபயர்மேன் கதவைத் திறந்து கரி அள்ளிப் போட்டபோது, ஒவ்வொரு 'சக்'குக்கும் நெருப்பு எழும்பி எழும்பி அடங்கியதைப் பார்த்தேன். முகம் பொசுங்குகிற மாதிரி இருந்தது. ரயிலின் சத்தமும் நெருப்பின் மூச்சும் ஒன்று என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ராக்கெட்டைப் படித்தபோது அந்தக் கதவு மறுபடி திறந்தது.

மார்ச் 6, இரவு 11.00

திருத்தம். குழாய்க் கொப்பரை ராக்கெட்டில் மட்டும் பிறந்த யோசனை மாதிரி எழுதிவிட்டேன். பிரான்ஸில் மார்க் செகன் 1828-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ராக்கெட்டுக்கு அந்த யோசனையைச் சொன்னவர் லிவர்பூல்–மான்செஸ்டர் கம்பெனியின் ஹென்றி பூத். செதுக்கிச் செய்தவர் ராபர்ட் ஸ்டீபன்சன், ஜார்ஜின் மகன். அப்பா பெயரிலேயே எல்லாம் போய்ச் சேருகிறது, மகனையும் நினைவு வையுங்கள்.

மார்ச் 9, காலை 8.10

1830 செப்டம்பர் 15-ல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைதான் இன்று நாம் ரயில்வே என்று சொல்லும் பொருளின் முதல் முழு வடிவம். இரட்டைப் பாதை, கால அட்டவணை, ஆளுக்கும் சரக்குக்கும் நீராவி. வழியில் சாட் மாஸ் என்ற சதுப்பு நிலம். கொட்டிய மண்ணெல்லாம் விழுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் மிலாறு, செடிகொடி பின்னிய தட்டிகளைப் பரப்பி, அதன் மேல் பாதையை மிதக்கவிட்டார்கள். இன்றும் ரயில் அதன் மேல்தான் போகிறது.

திறப்பு நாளிலேயே எம்.பி. வில்லியம் ஹஸ்கிசன் ராக்கெட் மோதி இறந்தார். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது கீழே இறங்கி, வெல்லிங்டன் பிரபுவோடு பேசப் போயிருந்தார். அடுத்த பாதையில் ஒன்று வருவதைப் பார்த்தும் விலக முடியவில்லை. அந்த வேகத்தில் ஒரு பொருள் தன்னை நோக்கி வருவதை அதற்கு முன் மனிதக் கண் அதிகம் பார்த்ததில்லை. எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்று கணக்குப் போட உடம்புக்குப் பழக்கம் வேண்டும். அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான்: ரயில் தூரத்தில் இருப்பதாகத் தோன்றினால், பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. கம்பெனி கணக்குப் போட்டது பஞ்சுப் பொதிக்கும் சரக்குக்கும். அலைமோதியது ஜனங்கள். ஆரம்ப வருஷங்களில் சரக்கைவிடப் பயணிகள் வருமானமே கூட. சாதாரண ஜனங்களுக்கு இவ்வளவு பயண ஆசை உள்ளே இருந்ததை யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

மார்ச் 10, இரவு 8.45

கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம் பற்றி நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நெருக்கமான விஷயம், நீளமாகத்தான் எழுதுவேன்.

ஸ்டீபன்சன் அளவு 4 அடி 8½ அங்குலம், அதாவது 1435 மி.மீ. ரோமானியத் தேர்ச் சக்கரத்தின் அகலம்தான் அது என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள். ஸ்டீபன்சன் வேலை பார்த்த கில்லிங்வொர்த் சுரங்கத்தில் வண்டிப்பாதை 4 அடி 8 அங்குலம். பழகிய அளவையே அடுத்த பாதைக்கும் கொண்டுபோனார். சக்கரம் வளைவில் இறுகாமல் ஓட அரை அங்குலம் பின்னால் சேர்ந்தது. நாட்டிங்ஹாமில் வேறு அளவு, வேல்ஸில் வேறு அளவு. நியூகாசில் சுரங்கக்காரர்கள் பக்கம் ஸ்டீபன்சன் என்ற பொறியாளர் இருந்தார், அவ்வளவுதான்.

எல்லாரும் அதை ஏற்கவில்லை. இசம்பார்ட் புரூனல் தன் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை 7 அடிக்குப் போட்டார். வேகத்திலும் நிதானத்திலும் அவர் ரயில்தான் மேல். ஆனால் இரண்டு அளவும் சந்தித்த குளோஸ்டரில் ஒவ்வொரு பெட்டியையும் காலி செய்து, அடுத்த பெட்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. 1845-ல் விசாரணைக் குழு, 1846-ல் சட்டம். போட்ட நீளம் அதிகமாக இருந்ததால் குறுகிய அளவு ஜெயித்தது. புரூனல் பாதையின் கடைசி மிச்சத்தை 1892 மே மாதம் ஒரு சனி ஞாயிறில் 4,000-க்கும் மேற்பட்ட ஆட்கள் சேர்ந்து மாற்றினார்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் 1886-ல் இதைவிடப் பெரிய வேலை நடந்தது. சுமார் 11,500 மைல் பாதையின் ஒரு பக்கத் தண்டவாளத்தை இரண்டே நாளில் மூன்று அங்குலம் உள்ளே தள்ளி ஆணி அடித்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் வந்தது அப்பாவின் கேங். எத்தனை ஆயிரம் கேங் ஒரே நேரத்தில் குனிந்திருக்கும்!

இந்தியாவில் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். ஸ்டீபன்சன் அளவு போதாது, அகலம் வேண்டும் என்று வாதாடியவர்களில் அன்றைய கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியும் ஒருவர். 1870-ல் மேயோ பிரபு காலத்தில் செலவு மிச்சம் பிடிக்க ஒரு மீட்டர் அகலத்தில் மீட்டர் கேஜ் வந்தது. மிச்சம் பிடித்த செலவை அப்புறம் 100 வருஷத்துக்கு மேல் தோளில் சுமந்து கட்டினார்கள். எங்கள் ஜங்ஷனில் ராத்திரி முழுக்க ஒரு பெட்டியிலிருந்து எதிர்ப்பக்கப் பெட்டிக்கு மூட்டை மாறும். நடுவே ஒரு பிளாட்பாரம், ஒரே முதுகு. 1845-ல் குளோஸ்டரில் நடந்தது, என் கண் முன்னால் 1970-களிலும் நடந்தது.

மார்ச் 14, மாலை 6.00

எந்த நாட்டில் எப்போது என்று ஒருவர் கேட்டார். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியம் 1835 மே. ஜெர்மனி அதே வருஷம் டிசம்பர், நியூரம்பெர்க்–ஃபூர்த். ரஷ்யா 1837. இத்தாலியில் நேப்பிள்ஸ்–போர்ட்டிச்சி 1839. எகிப்து 1854-ல் அலெக்சாண்டிரியாவிலிருந்து. இலங்கை 1865. ஜப்பான் 1872, ஷிம்பாஷி–யோகோஹாமா. சீனாவில் 1876-ல் வூசுங் பாதை திறந்தது, மறு வருஷமே அரசு விலைக்கு வாங்கிப் பெயர்த்துப் போட்டது.

இந்தியாவில் 1853 ஏப்ரல் 16, போரிபந்தர்–தாணே, 34 கி.மீ. என்று எல்லாரும் அறிவோம். சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் வட்டாரத்தில் 1837-லேயே சாலைக்குக் கல் ஏற்ற ஒரு பாதை இருந்தது. தெற்கே பயணிகளுக்கு 1856 ஜூலை 1, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை.

என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது கியூபா. 1837 நவம்பரில் ஹவானாவிலிருந்து ரயில் ஓடிவிட்டது. அதை ஆண்ட ஸ்பெயினில் முதல் ரயில் 1848-ல்தான். ஆண்ட நாட்டுக்கு முன்னால் அடிமை நாட்டுக்கு எப்படிக் கிடைத்தது? கரும்பு. தோட்டத்துச் சர்க்கரை துறைமுகம் போக வேண்டும். பாதை போடக் கட்டாய உழைப்பும் அடிமைகளும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு உலக வரைபடத்தை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். ஐரோப்பாவில் பாதைகள் சிலந்தி வலை மாதிரி, ஊருக்கு ஊர் பின்னியிருக்கும். ஆப்பிரிக்கக் கரையைப் பாருங்கள், சீப்புப் பல் மாதிரி ஒவ்வொன்றும் உள்நாட்டிலிருந்து நேரே கடலுக்கு இறங்கும். ஒன்றுக்கொன்று தொடாது. சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் போட்டது, பக்கத்து ஊருக்குப் போகப் போட்டதில்லை.

இந்தியாவில் கம்பெனிகளுக்கு முதலுக்கு 5 சதவீத லாபம் உறுதி. ரயிலில் நஷ்டம் வந்தாலும் அரசு கொடுக்கும், அதாவது வரி கட்டும் குடியானவன் கொடுப்பான். சிக்கனமாகக் கட்ட அவர்களுக்கு என்ன அவசியம்? 1876-78 பஞ்சத்தில் ரயில் நிவாரண தானியமும் கொண்டுவந்தது. அதே ரயில், விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்குத் தானியத்தைக் கொண்டும் போனது. நாட்டிலிருந்து ஏற்றுமதி நிற்கவில்லை. லட்சக்கணக்கில் செத்தார்கள். ரயில் வந்தால் பஞ்சம் ஒழியும் என்று சொல்லியிருந்தார்கள். பாதை தானியத்தை நகர்த்தும், எந்தப் பக்கம் என்று காசுதான் தீர்மானிக்கும்.

மார்ச் 15, காலை 6.50

நேரம் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. ரயிலுக்கு முன் ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்ச் சூரியன்தான் கடிகாரம். பிரிஸ்டல் லண்டனுக்கு 10 நிமிஷம் பின்னால். 1840-ல் கிரேட் வெஸ்டர்ன் தன் நிலையங்களிலெல்லாம் லண்டன் நேரம் வைத்தது. பிரிஸ்டல் தானியச் சந்தைக் கட்டடத்துக் கடிகாரத்தில் நிமிஷ முள் இரண்டு, ஒன்று ஊருக்கு, ஒன்று ரயிலுக்கு. நாடு முழுக்கச் சட்டமாக 1880 ஆயிற்று. அமெரிக்காவில் 1883 நவம்பர் 18-ல் ரயில் கம்பெனிகளே நேர மண்டலம் பிரித்துவிட்டன, அரசுச் சட்டம் வந்தது 1918-ல். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில், ஆளுக்கொரு கடிகாரம் என்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் அவசரம் புரியும்.

மார்ச் 19, இரவு 10.30

விபத்துகளைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று தயங்கினேன். எழுதாமல் இந்த வரலாறு முடியாது.

1842 மே 8. வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் முன் எஞ்சினில் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பயணிகள் குதித்துவிடக் கூடாது என்று பெட்டிகளை வெளியே பூட்டியிருந்தார்கள். 50-க்கும் மேற்பட்டோர் உள்ளேயே எரிந்தார்கள். தென் துருவக் கடல் வரை போய்த் திரும்பிய ட்யூமோன் ட்யூர்வில் அதில் ஒருவர், குடும்பத்தோடு. அதன் பிறகு கதவைப் பூட்டும் வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

அந்த அச்சு ஏன் முறிந்தது? பாரம் கூடவில்லை. நேற்று வரை சுமந்த அதே சுமைதான். திரும்பத் திரும்பச் சுழன்று, கண்ணுக்குத் தெரியாத கீறல் வளர்ந்து, ஒருநாள் விட்டுப் போனது. ராங்கின் என்ற இளம் பொறியாளர் முறிந்த அச்சுகளை ஆராய்ந்து எழுதினார். பின்னால் பிரஷ்ய ரயில்வேயில் ஆகஸ்ட் வோலர் வருஷக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். உலோகச் சோர்வு என்ற அறிவுத்துறையே இப்படி வந்தது. இன்று விமான இறக்கைக்குச் செய்யும் கணக்கு வரை அதன் வாரிசு.

1889 ஜூன் 12, அயர்லாந்தில் ஆர்மா. சுற்றுலா ரயில், நிறையக் குழந்தைகள். ஏற்றத்தில் எஞ்சின் திணறியது. ரயிலை இரண்டாகப் பிரித்து, பின்பாதியின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு முன்பாதியை இழுக்கப் பார்த்தார்கள். பின்னுக்கு ஒரு தட்டு தட்டியதில் கல் நொறுங்கி, பத்துப் பெட்டி இறக்கத்தில் ஓடி, அடுத்து வந்த ரயிலில் மோதியது. 80 பேர் இறந்தார்கள். பெட்டி தனியாகப் பிரிந்தால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக்கை வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே செய்துவிட்டார். கம்பெனிகள் செலவுக்குப் பார்த்து மாட்டாமல் இருந்தன. ஆர்மாவுக்கு மூன்று மாதத்துக்குள் பிரிட்டனில் சட்டம் வந்தது. பதினேழு வருஷம் கையில் இருந்த மருந்து.

அப்பா ஒருநாள் காய்ச்சலோடு பீட்டுக்கு, அதாவது தண்டவாளம் பார்க்கும் நடைக்கு, கிளம்பினார். அம்மா தடுத்தாள். "நேத்து நல்லா இருந்ததுங்கறது இன்னிக்கு நல்லா இருக்குங்கறதுக்குச் சாட்சி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். வோலர் பெயரை அவர் கேட்டதில்லை.

மார்ச் 22, பிற்பகல் 3.15

மார்ச் 14-ல் நாடுகளை வரிசையாக அடுக்கியதைத் திரும்பப் படித்தேன். "ரயில் வந்தது, ரயில் வந்தது" என்று எழுதியிருக்கிறேன். எந்த ரயிலும் தானாக வரவில்லை.

மும்பையிலிருந்து புனே போகும் வழியில் போர்காட் மலை ஏற்றம், 1856 முதல் 1863 வரை. சுமார் 15 மைலில் 1,800 அடி உயரம், 25 குகைகள். 1861-ல் ஒரே நேரத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் வேலையில் இருந்தார்கள். காலராவும் வெடிமருந்தும் சரிவும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கொண்டுபோயின. 1859-ல் கூலி நின்றதால் கலவரம். புது ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் வந்து சில வாரங்களில் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று வேலையை முடிக்க வைத்தார். அந்த அம்மாளின் பெயராவது ஏட்டில் இருக்கிறது. கூடை சுமந்த பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை, 1896 முதல் 1901 வரை. இந்தியாவிலிருந்து போன தொழிலாளர் சுமார் 32,000, இறந்தவர் சுமார் 2,500. சாவோவில் ஆளைத் தின்ற இரண்டு சிங்கங்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். நோய் தின்றதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அமெரிக்கா, 1869 மே 10, புரோமன்ட்ரி. கிழக்கும் மேற்கும் சேர்ந்த இடம். மேற்கிலிருந்து சியரா நெவாடா மலையைக் குடைந்து வந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். 1867-ல் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள், கம்பெனி சாப்பாட்டை நிறுத்தியது. இரு எஞ்சினும் மூக்கோடு மூக்கு நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் அவர்களைத் தேடிப் பாருங்கள். நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். அந்தப் பாதை கடந்த சமவெளிகளில் காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்தன, அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகள் தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள்.

முதல் கேள்விக்கு இன்னொரு பதில் இங்கே இருக்கிறது. யார் கண்டுபிடித்தார் என்று கேட்கும்போது, யார் சுமந்தார் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மார்ச் 23, இரவு 9.20

கேள்வி கேட்டவரே திரும்ப வந்து, "ரயிலின் தடக் தடக் சத்தம் எதனால்?" என்று கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை.

வெயிலில் இரும்பு நீளும். அதற்கு இடம் விட்டு இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே சின்ன இடைவெளி வைப்பார்கள். முட்டு முட்டாக நின்ற அந்த இணைப்பை இரு பக்கமும் பட்டை வைத்து போல்ட் முடுக்கும் ஃபிஷ்பிளேட் 1847-ல் வந்தது, வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் செய்தது. சக்கரம் இடைவெளியைத் தாண்டும்போது எழுவதுதான் அந்தத் தடக். இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்து நீட்டிவிடுவதால் சத்தம் குறைந்துவிட்டது.

அப்பா எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மீட்டர் கேஜ் தண்டவாளம் 12 மீட்டர். 43 விநாடியில் எத்தனை தடக் கேட்கிறதோ, ரயில் மணிக்கு அத்தனை கிலோமீட்டர் போகிறது. ஜன்னலோரம் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், நான் எண்ணுவேன்.

1830-ல் லிவர்பூல் பாதையில் பர்கின்ஷாவின் 15 அடித் தண்டவாளம். அதற்கும் கணக்குப் போட்டேன், பதினாறரை விநாடி வருகிறது. மணிக்கு 27 கி.மீ. போன ரயிலில் விநாடிக்கு ஒன்றரைக்கு மேல் தடக். மேஜையில் விரலால் தட்டிப் பார்த்தேன். நம் எக்ஸ்பிரஸ் ஓட்டம் மாதிரியே கேட்கிறது.

மார்ச் 23, இரவு 9.45

60 கி.மீ. வேகத்தில் போகும் மீட்டர் கேஜ் ரயிலுக்கு விநாடிக்கு ஒன்று புள்ளி நாலு. அதைவிட அவர்களுடையது கொஞ்சம் துரிதம்.